எழுத எழுதத் தேயும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் பூ வினார்னி. கீழ்வீட்டு அம்மாள், என் வீட்டுச் சொந்தக்காரர். தொண்டை கட்டி, குரல் என்று சொல்ல முடியாத ஒரு வெறுங்காற்றில், மாடிப்படி ஏறி வந்து சொன்னார்:

"எழுதுங்கக்கா. உங்க பாஷையிலயே எழுதுங்க. அந்த மனுஷனுக்குப் படிக்கத் தெரியக் கூடாது."

"பேரை மாத்திடவா?"

"எதுக்கு மாத்தணும்? அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்துல அவர் பேரு பக்கம் பக்கமா கிடக்கட்டும். அதுல எனக்கு ஒரு திருப்தி."

தமிழில் எழுதுவதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். செம்மொழி என்பார்கள், தாய்ப்பால் என்பார்கள். கீழ்வீட்டு ஆசாமிக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காகத் தமிழில் எழுதப்படும் முதல் கதை இதுவாகத்தான் இருக்கும்.

(அடைப்புக்குள் ஒரு விளக்கம். இந்த ஊரில் 'பூ' என்றால் அம்மா. 'பாக்' என்றால் ஐயா. கல்யாணமாகி வருஷங்கள் ஆனால் புருஷனும் பெண்டாட்டியை 'பூ' என்றுதான் கூப்பிடுவான். நான் ஜாவாவில் இருக்கும் இந்த மலாங்குக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு, அடடா, என்ன காதல், என்ன காதல் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, "பூ, கழிவறையில தண்ணி ஊத்தினியா?" என்பதற்கும் அதே பூதான் என்று. என்னை அவர்கள் கூப்பிடும் 'ம்பாக்' என்பதை மட்டும் 'அக்கா' என்று மாற்றிவிட்டேன். எங்கள் நாக்கு அதற்குப் பழகாது.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மலாங் நகரின் மலைச்சரிவுகளில் மூடுபனி மெல்ல இறங்கிய அந்தப் பொழுதில்" — நிறுத்து. மூடுபனிக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"மௌனத்தைத் தேடி அலையும் விலங்குக்கு மனிதன் என்று" — இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அப்படி ஒரு வெட்கம்.

"ஞெக்லெக்!"

இது சரி. ஆனால் இது கதையின் நடுவில் வரவேண்டிய சத்தம். இருந்தாலும் இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன், அப்புறம் இருட்டில் விளக்க முடியாது. வீட்டுக்கு ஒதுக்கிய மின்சாரத்துக்கு மேல் இழுத்தால் மீட்டரில் இருக்கும் சுவிட்ச் தானாகக் கீழே விழும். அது விழும் சத்தமே அதற்குப் பெயர். எங்கள் வீட்டுக்கு மாடியும் கீழும் சேர்த்துத் தொள்ளாயிரம் வாட். இஸ்திரிப் பெட்டியும் ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் சூடானால் ஞெக்லெக். யார் வீட்டில் விழுந்தாலும் சந்து முழுக்க "ஓஓஓ" என்று ஊளையிடும். அரிச்சுவடியில் ஞெ, ஞே என்று வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எழுத்துகளைப் பார்த்து இதெல்லாம் யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஜாவாக்காரர்களுக்காக எடுத்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

3

வினார்னியின் புருஷன் பாக் குனாதியை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். வினார்னிக்கு வாசித்துக் காட்டி அர்த்தம் சொன்னதும், "மீசையை எடுத்துடுங்க. ஆம்பளை மாதிரி தெரியுறாரு" என்றார்.

எடுத்துவிட்டேன். இப்போது மீசையில்லாத குனாதி: நெசவு ஆலையில் தறிகளுக்கு நடுவே நின்று நின்று காது போனவர். போனது என்றால் கேட்காமல் போகவில்லை. எந்நேரமும் "நொய்ய்ய்" என்று ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும், சத்தம் என்ற ஒன்றை இந்தப் பூமியிலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று கிளம்பினார். சுவர்க்கடிகாரம் போனது. குளிர்சாதனப் பெட்டி பின்கட்டுக்குப் போனது. பல்லி சொன்னால் பல்லியை முறைப்பார். ஒருநாள் மாடிக்கு வந்து கதவைத் தட்டாமல் (தட்டினால் சத்தம்) வெளியிலேயே நின்றார்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது. கீழ வரைக்கும் கேக்குது. மருந்து மாத்திரை எதுவும் குடுக்கக் கூடாதா?"

வினார்னிக்குக் கிடைத்தது வேறு மருந்து. "பூ, மெல்ல." அவர் காலையில் சந்தை வாசலில் பெச்சல் விற்கிறவர். கீரையும் கடலைச் சட்னியும்தான், ஆனால் அவர் "பெச்ச்ச்சேல்!" என்று ஒரு குரல் விட்டால் தெருமுனையில் போகிறவன் சைக்கிளைத் திருப்புவான். அந்தக் குரலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர வேண்டும். "பூ, மெல்ல." இது மட்டும் அவர் ஆலைக்குப் போன காலத்திலிருந்தே, முப்பது வருஷமாக.

4

ஒரு வங்கி கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார் குனாதி. சோற்று டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஃபேன் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கட்டைவிரல் நகம் பெரிதானால் எப்படியோ அப்படி ஒரு ஃபிளாஷ் அட்டையைச் செருகினார்.

"இதுல சுத்துறதுன்னு எதுவுமே இல்லக்கா. ஆறு வாட்டுதான் இழுக்கும். நம்ம கொசு பேட்டு இதைவிட அதிகம் தின்னும்."

"சரி பாக், இப்ப ஓடுதா?"

"ஓடுறது வெளிய தெரிஞ்சா அப்புறம் அதுல என்ன பெருமை இருக்கு?"

பெருமையோடு பெட்டியில் காதை வைத்தார். முகம் மாறியது. "சின்னதா ஒரு நொய்... உங்களுக்குக் கேக்குதா?"

"அது பெட்டியில இல்ல பாக்," என்றார் வினார்னி, மெல்லத்தான். "உங்க காதுல."

அவர் நம்பவில்லை. திருப்புளியை எடுத்துப் பெட்டியைப் பிரித்து, சத்தம் போட முடியாத ஒரு பொருளுக்குள் சத்தத்தைத் தேடினார். மத்தியானம் வரைக்கும் தேடினார். கிடைக்கவில்லை என்பதில் அவருக்கு ஏமாற்றம்தான்.

(இந்தக் காட்சியை நான் கதையிலிருந்து தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். தன் காதில் இருப்பதை ஊரெல்லாம் தேடுகிறவன் என்பது கொஞ்சம் அதிகமாகவே அர்த்தம் தொனிக்கிறது, விமர்சகர்கள் வந்து மொய்ப்பார்கள். ஆனால் நடந்தது நடந்துவிட்டது. நான் என்ன செய்ய?)

அப்புறம்தான் அவருக்கு அந்த பயம் பிடித்தது. ஃபிளாஷ் அட்டையை வாசித்தால் பெரிதாகத் தேயாது. எழுதினால் தேயும். எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதற்கு அட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு நுண்ணறைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பல்லாயிரம், அது தீரும் முன் அவர் ஆயுசு தீர்ந்துவிடும் என்பதையெல்லாம் யார் சொல்லியும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்க மாதிரி ஆளுங்க கையில இது கிடைச்சா ஒரே மாசம்தான்," என்றார் என்னிடம்.

"எங்க மாதிரின்னா?"

"எழுதுறீங்க, அழிக்கிறீங்க. எழுதுறீங்க, அழிக்கிறீங்க. அட்டைக்கு மட்டும் உசுரில்லையா?"

உண்மையைச் சொன்னால் கோபம் வரக் கூடாது. எனக்கு வந்தது. அதனால்தான் மீசை வைத்தேன்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான். பெட்டி எதையும் உடனே அட்டையில் எழுதாது. மெமரியில், அதாவது வாய்க்கணக்காக, வைத்துக்கொள்ளும். கரண்ட் இருக்கும் வரை எல்லாம் ஞாபகம் இருக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே மூச்சில், எல்லாவற்றையும் அட்டையில் எழுதி முடிக்கும். அந்த ஒருநாள் லெகி.

5

லெகி பற்றி அப்புறம். முதலில் பஸ்.

நகரத்துக்குப் புது பஸ்கள் வரப் போகின்றன, நிறுத்தத்தின் பெயரை பஸ்ஸே சொல்லும், அதற்கு ஒரு குரல் வேண்டும். பஸ் ஆபீஸ்காரர் ஒருவர் சந்தை வாசலில் பெச்சல் தின்றுகொண்டிருந்தவர், தட்டை வைத்துவிட்டுக் கேட்டாராம்: "பூ, இந்தக் குரல் பஸ்ஸுல இருந்தா தூங்குறவன்கூடச் சரியான இடத்துல இறங்குவான். பேசி அனுப்புறீங்களா?" எல்லா நிறுத்தங்களின் பெயரையும் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். பின்னால் ஒரு சின்ன இரைச்சல்கூட இருக்கக் கூடாது. கடைசி நாள் புதன், நடு ராத்திரிக்குள்.

அன்று வினார்னி மாடிக்கு ஓடி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கையில் கடலைச் சட்னி காயக்கூட இல்லை.

"இந்த வீட்டுல நான் சத்தமா பேசினா தப்புக்கா. பஸ்ஸுல பேசினா சம்பளமாம்!"

இந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எத்தனையோ பேர் ஏறுவார்கள், அவர் குரல் கேட்டு இறங்குவார்கள், யாரும் "மெல்ல" என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது குனாதியின் பைத்தியம் முதல்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது. ஊரிலேயே சத்தமில்லாத கம்ப்யூட்டர் அவர் வீட்டில்தானே இருக்கிறது! சந்துக்கோடியில் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சாக் சொலே (சாக் என்றால் அண்ணன்) நல்ல மைக் ஒன்றைக் கொடுத்தான். குனாதி கட்டில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி வினார்னியைச் சுற்றிச் சுவர் கட்டினார். பக்கத்து வீட்டுச் சேவலை நாலு நாளைக்கு ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். கட்டையைத் தட்டிக்கொண்டு வரும் கறி உருண்டை சூப்காரனைச் சந்து முனையிலேயே மறித்து, "தட்டாதே, ஜாடை காட்டு" என்றார்.

"அடுத்த நிறுத்தம், கெபோன் ஜாம்பு."

"இன்னும் சத்தமா, பூ."

மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்னும் சத்தமா, பூ! அவள் பேசும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும், அவள் முடித்ததும் விடுவார். அந்த நாலு நாளும் அவர்கள் இருவரையும் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. வினார்னி இதை வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை.

(கேள்வி கேட்கும் வாசகருக்கு: போனில் பதிவு செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். புருஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு அது தோன்றவில்லை. கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் வைக்கலாமே? இருந்தது. அது "ம்ம்ம்" என்று முனகியது. வெளியேற்றப்பட்டது.)

6

நமக்குக் கிழமை ஏழு. இங்கே அதோடு கூட, பழைய சந்தை நாட்கள் ஐந்து தனியாக ஓடும்: லெகி, பாயிங், போன், வகே, க்லிவோன். லெகி என்றால் இனிப்பு. குனாதி லெகியில் பிறந்தவர். அதனால் பெட்டி லெகிதோறும் எழுதும்படி வைத்தார். அந்த வாரம் வியாழக்கிழமை லெகி. பதிவு முடிந்தது புதன் மத்தியானம்.

"இப்பவே அனுப்பிடவா?" என்று வினார்னி கேட்டிருக்கிறார்.

"சாயங்காலம் பெட்டிக்கு ஸ்லாமத்தான் வைக்கிறேன். மோடின் வந்து ஓதட்டும். லெகியில அனுப்பினா குரல் இனிக்கும், பூ."

புதுப் பொருள் வாங்கினால் நாலு பேரைக் கூப்பிட்டு, பள்ளிவாசல் மோடினை வைத்து ஓதி, சோறு போடுவது இவர்கள் வழக்கம். மாட்டுக்கு வைப்பார்கள், மோட்டார் சைக்கிளுக்கு வைப்பார்கள். ஆறு வாட் கம்ப்யூட்டருக்கு வைத்தவர் குனாதி ஒருவர்தான்.

புதன் சாயங்காலம் எப்படி லெகி ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நானும்தான் கேட்கவில்லை, இத்தனை வருஷம் இங்கே இருந்து பழகிவிட்டது. நமக்குச் சூரியன் எழுந்தால் நாள். இவர்களுக்குச் சூரியன் விழுந்தால் நாள். அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டால் அடுத்த நாள் பிறந்துவிட்டது, புதன் இரவு என்பதே வியாழன் இரவுதான். குனாதியின் அப்பா, தாத்தா எல்லோருக்கும் அப்படியே.

பெட்டிக்கு அப்பா தாத்தா கிடையாது. அதற்கு நாள் நடு ராத்திரியில்தான் பிறக்கும்.

7

மக்ரிப் முடிந்தது. கூடத்தில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் மஞ்சள் சோற்றுக் கோபுரம், முழுக் கோழி, சிவப்புக் கஞ்சி. அவற்றுக்குப் பக்கத்தில், துடைத்து வைத்த பெட்டி, பச்சைப் பொட்டு விளக்கோடு. வினார்னி கல்யாணங்களுக்குப் போடும் கெபாயாச் சட்டை அணிந்திருந்தார். நாலு நாளாக எண்ணெய்ப் பலகாரம் தொடாமல், கச்சோலக் கிழங்கு இடித்துக் குடித்துத் தொண்டையைக் காத்திருந்தார்.

குனாதிக்குக் கைகால் ஓடவில்லை. சமையலறைப் பக்கமே வராதவர், வந்தவர்களுக்குத் தேநீர் தானே போடுவேன் என்று கிளம்பி மின்கெட்டிலை எடுத்தார்.

"பாக், குக்கர் இன்னும் சூட்டுல இருக்கு," என்றார் வினார்னி. "ஞெக்லெக் ஆயிட்டா? பெட்டி எழுதிருச்சா?"

"மக்ரிப் ஆச்சு, லெகி வந்தாச்சு. எல்லாம் எழுதி முடிச்சிருக்கும். குக்கரும் கெட்டிலும் தாங்கும், நான் கணக்குப் பார்த்துட்டேன்."

கணக்கு சரிதான். ஆனால் வந்தவர்கள் கைகால் கழுவியிருந்தார்கள், தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது, தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானாக ஓடும். ஊரில் யார் தப்பான சுவிட்சைத் தட்டினாலும் பாடம் எடுக்கும் அந்த மனிதர் கெட்டிலைத் தட்டிய அதே நொடியில் மோட்டார் உறுமியது.

ஞெக்லெக்.

8

"ஓஓஓ!" என்றது சந்து.

மோடின் ஓதுவதை நிறுத்தவில்லை. அவருக்கு இதெல்லாம் பழக்கம். சொலேதான் இருட்டில் ஆரம்பித்தான்:

"கரண்டே குடிக்காத பெட்டிக்கு விருந்து வெச்சு, கரண்டையே காலி பண்ணிட்டாருய்யா!"

கூடமே சிரித்தது. குனாதியும் சிரித்தார். தடவிக்கொண்டு போய் மீட்டர் சுவிட்சைத் தூக்கிவிட்டார். வெளிச்சம் வந்தது, பச்சைப் பொட்டு எரிந்தது, பெட்டி ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்தது. "பார்த்தீங்களா, எழுந்துருச்சு!" என்று எல்லோருக்கும் காட்டினார். வினார்னி போய் அதன் முன் உட்கார்ந்தார்.

பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அழுத்தினார். போன லெகிக்கு முன்னால் மைக்கைச் சோதித்துப் பார்த்தபோது பதிந்தது. குனாதியின் குரல்.

"சோதனை. ஒண்ணு, ரெண்டு. சோதனை."

"வேற எங்கயாவது இருக்கும்," என்றார் குனாதி. தேடினார். "லெகி வந்தாச்சே. எழுதியிருக்கணுமே."

"யாருக்கு லெகி?" என்றார் வினார்னி, மெல்ல. "உங்களுக்கா, இதுக்கா?"

திரையின் மூலையில் இருந்த கடிகாரம் ஏழைத் தாண்டிக்கூடக் காட்டவில்லை. புதன் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார் குனாதி. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டிய இடம் அது. "எல்லாரும் சாப்பிடுங்க" என்று வந்தது.

அப்புறம் வினார்னி கத்தினார்.

என்ன கத்தினார் என்று எழுதமாட்டேன். முப்பது வருஷமாக மெல்ல, மெல்ல என்று அமுக்கி வைத்தது முழுவதும் வெளியே வந்தது. ஆலை வந்தது, கடிகாரம் வந்தது, பல்லி வந்தது. தவளைகள் வாயை மூடிக்கொண்டன. வந்தவர்கள் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தார்கள். மாடியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குரல் அப்படி இருந்தது! பஸ்ஸுக்கு அல்ல, கப்பலுக்கே போதும். அதைப் பதிவு செய்ய மைக் தயாராக இருந்தது, யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

முடித்தபோது குரல் போயிருந்தது. நடு ராத்திரிக்கு முன் மறுபடி பேசிப் பார்க்க நேரம் இருந்தது. சொலே தன் போனை நீட்டினான். வினார்னி வாயருகே வைத்து, "அடுத்த..." என்றார். ஓட்டைப் பானையில் காற்று போன மாதிரி வந்தது. அவரே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியவில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அழித்தேன். என் கணக்கில் தேய்மானம்.

9

முடிவுகள்.

அ) நடு ராத்திரியில் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்கிறது. — வேண்டாம். அது பெட்டி, குலதெய்வம் அல்ல.

ஆ) பஸ் ஆபீஸ்காரர் மறுபடி பெச்சல் தின்ன வந்து, "பரவாயில்ல, இன்னும் ரெண்டு நாள் எடுத்துக்கங்க" என்கிறார். — ஆபீஸ்காரர் வந்தார். தின்றார். "வேற ஒருத்தங்களை எடுத்தாச்சே பூ, நீங்க ஏன் அனுப்பல?" என்று கேட்டுவிட்டுக் கூடக் கொஞ்சம் சட்னி வாங்கிக்கொண்டு போனார்.

இ) எனக்குப் பிடித்தது. வினார்னிக்கு அந்த வேலை கிடைத்துவிடுகிறது. ஆனால் வீட்டில் புருஷனிடம் பேசுவதில்லை. குனாதி தினமும் காலையில் பஸ் ஏறி, முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து, அவள் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.

இதை வினார்னிக்கு வாசித்துக் காட்டியபோது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எழுதியவளே அழுதால் அது நல்ல முடிவு என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு.

வினார்னி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். குரல் பாதி திரும்பியிருந்தது. "ஏன், பஸ்ஸுல ஏறித்தான் கேக்கணுமா? வீட்டுல கேட்டிருக்கலாமே."

இ) அடிக்கப்பட்டது.

10

இப்போதைய நிலவரத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

வினார்னி சந்தையில் பேசுகிறார், "பெச்ச்ச்சேல்" திரும்ப வந்துவிட்டது. மாடியில் என்னோடு பேசுகிறார். கீழே பேசுவதில்லை. குனாதி ஆசைப்பட்ட வீடு அவருக்குக் கிடைத்துவிட்டது: பெட்டியிலும் சத்தமில்லை, பெண்டாட்டியிடமும் சத்தமில்லை. காது மட்டும் நொய்ய்ய் என்கிறதாம், முன்னைவிட அதிகமாக.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியின் ஏற்பாட்டை மாற்றிவிட்டார். இப்போது அது லெகி, பாயிங் எதையும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நொடியும் உடனுக்குடன் அட்டையில் எழுதுகிறது. மைக்கைக் கூடத்தின் நடுவில் நிரந்தரமாக நிறுத்தி, இரவும் பகலும் பதிவில் வைத்திருக்கிறார். அவள் வாய் திறந்து எது சொன்னாலும் இனி ஒரு எழுத்து தொலையக் கூடாதாம். ஐந்து நாளுக்கு ஒருதரம் எழுதவே அழுத கஞ்சன், அவள் பேசாமல் இருப்பதையெல்லாம் ராப்பகலாக எழுதித் தள்ளுகிறார். அட்டை தேய்ந்துகொண்டிருக்கிறது.

நேற்று மாடிக்கு வந்தார். கதவைத் தட்டினார். சத்தம் வரும்படி தட்டினார்.

"அவ உங்ககிட்ட என்னக்கா பேசுறா?"

"கதை எழுதச் சொல்றாங்க."

"என்னைப் பத்தியா?"

"பெட்டியைப் பத்தி."

என் மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தார். வளைவு வளைவாக இருந்த எழுத்துகளில் விரலை வைத்தார். "இதுல நான் மன்னிப்புக் கேக்குறேனா?"

"கேட்டீங்களா?"

"செட்டிங்கை எல்லாம் மாத்திட்டேனே," என்றார்.

இங்கே மன்னிப்புக்கு ஒரு சொல் இருக்கிறது: செபுரானே. கால் மிதித்தால் சொல்வார்கள், கடன்காரனிடம் சொல்வார்கள், குறுக்கே போகும் கோழியிடம்கூடச் சொல்வார்கள். குனாதி பெட்டியிடம் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்லவில்லை. இதை வினார்னியிடம் சொன்னேன். கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு அவர் சொன்னது: "அந்த மைக்கு எனக்கு மட்டுமா வெச்சிருக்கு? அவர் வாயும் அதுக்கு முன்னாலதானே இருக்கு?"

கீழே இப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். ரைஸ் குக்கர் மட்டும் ஓடுகிறது. இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் மைக், பச்சைப் பொட்டு.

11

இந்தப் பகுதி குனாதிக்கு ஒதுக்கப்பட்டது. நான் எழுதினால் அது என் வார்த்தையாகிவிடும், வினார்னி உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குனாதி: ________________

வினார்னி: ________________

வாசகரே, உங்களிடம் ஒரு வேலை. தமிழும் ஜாவாவும் தெரிந்தவர் யாராவது மலாங் பக்கம் வந்தால், எங்கள் சந்து எதுவென்று கண்டுபிடிப்பது சிரமமில்லை, சேவல் திரும்பி வந்துவிட்டது. கீழ்வீட்டுக் கதவை நன்றாகத் தட்டுங்கள். கதையெல்லாம் வேண்டாம், வினார்னிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. கடைசி வரியை மட்டும் குனாதிக்குப் படித்துக் காட்டுங்கள்:

பாக் குனாதி, எழுதினால்தான் தேயும், சொன்னால் எதுவும் தேயாது.